பெரியப்பாவின் மாப்பேணியில் தீவுக் காசுகள்: எதைச் சேர்க்கலாம், எப்படி வைத்திருப்பது?

மட்டிக்களி மகள்:

வணக்கம். நான் திருகோணமலை, மட்டிக்களி. காசு சேர்க்கிற ஆள் என்று என்னைச் சொல்ல முடியாது. சின்ன வயதில் அலை விளிம்பு வைத்த இரண்டு சதம், பத்துச் சதம் கொஞ்சம் சேர்த்தேன், அவ்வளவுதான். இப்போது ஒரு பேணி கைக்கு வந்திருக்கிறது.

என் பெரியப்பா எழுபதுகளில் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு மரக்கறி, முட்டை, இறைச்சி ஏற்றிக் கொடுக்கிற ஒரு கொம்பனியில் கிளாக்கராக இருந்தார். பில்லில் கையெழுத்து வாங்கக் கப்பலுக்கு ஏறினால் அங்கே உள்ளவர்கள் சொக்லேட்டோ சிகரெட்டோ கொடுப்பார்களாம். கொடுக்க ஒன்றும் இல்லாதவர்கள் பொக்கெட்டில் கிடக்கும் வெளிநாட்டுச் சில்லறையைக் கொடுத்துவிடுவார்களாம். அப்படிச் சேர்ந்தது ஒரு பால்மாப் பேணி நிறைய இருக்கிறது. பெரும்பாலும் சாதாரணக் குத்திகள்: சிங்கப்பூர், இங்கிலாந்து, கிரேக்கம். அவற்றை நானே பிரித்துவிட்டேன். பிரிக்க முடியாமல் மிஞ்சியவை மூன்று.

ஒன்று, சிவப்புப் பிளாஸ்டிக் வில்லை. ‘கீலிங் கொக்கோஸ் ஐலண்ட்ஸ்’, 1968, ஒரு ரூபாய் என்று இருக்கிறது. தம்பி கரம் காய் என்று நினைத்துப் போர்டில் வைத்து அடித்தும் பார்த்துவிட்டான்.

மற்றது வெண்கலம். ஒரு பக்கம் தடித்த சொண்டுள்ள பறவையின் தலை, மறுபக்கம் ஓர் ஆளின் தலை, 1929, ‘லண்டி’ என்று பெயர். விளிம்பைச் சுற்றியும் ஏதோ எழுத்து ஓடுகிறது. பறவையைப் பென்குயின் என்கிறார் அம்மா.

மூன்றாவது முட்டை வடிவப் பித்தளைத் தகடு. மேலே ஒரு துளை, நடுவில் 417, வேறு ஓர் எழுத்தும் இல்லை. துளையின் மேல்பக்கம் மட்டும் தேய்ந்து நூல் மாதிரி மெலிந்திருக்கிறது.

இணையத்தில் தேடப்போனபோது சின்னத் தீவுகளின் வில்லைகளையும் பதக்கங்களையும் மட்டுமே சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று கண்டேன். எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. துறைமுகத்துக்குள்ளேயே சோபர் தீவு, நிலாவெளிக்குப் போனால் புறாமலை. இந்த ஊர்க்காரிக்கு அது பொருத்தம்தானே? ஆனால் எதைக் காசு என்பது, எதை டோக்கன் என்பது, எதைப் பதக்கம் என்பது என்று பிடிபடவில்லை. கொக்கோஸ் என்று தேடியபோது ‘எம்டன் பதக்கம்’ ஒன்று விற்பனைக்கு வந்தது, நல்ல விலை. வாங்கலாமா? இன்னொன்று, எங்கள் வீட்டில் உப்புக்காற்றுக்குக் கதவுப் பூட்டே ஒரு மாரி தாங்காது. இவற்றை எப்படி வைத்திருப்பது? பித்தளைத் தகட்டைப் பழப்புளி போட்டு மினுக்கலாமா?


சங்கக்கடைக்காரன்:

பிள்ளை, பழப்புளியை முதலில் குசினிக்குத் திருப்பி அனுப்பு. மற்றதை ஆறுதலாகக் கதைப்போம்.

நான் உவர்மலையில் இருக்கிறேன். உத்தியோகம் முழுக்கக் கூட்டுறவுச் சங்கக் கடையில் போனது. அதனால் எந்த வில்லையைப் பார்த்தாலும் எனக்கு ஒரு கேள்விதான் வரும்: இது எந்தக் கடையில் செல்லும்? எல்லாக் கடையிலும் செல்லுமென்றால் காசு. ஒருவருடைய கடையில் மட்டும் செல்லுமென்றால் டோக்கன். எங்கேயும் செல்லாது, சட்டையில் குத்தத்தான் முடியும் என்றால் பதக்கம். புத்தகக்காரர்கள் இதைவிட நுணுக்கமாகப் பிரிப்பார்கள், பிரிக்கட்டும்.

உன் சிவப்பு வில்லை ஒரு கூலியாளின் சம்பளம். இந்து சமுத்திரத்தில் உள்ள கொக்கோஸ் தீவுகளில் 1827இல் குடியேறிய ஸ்கொட்லாந்துக்காரர் ஜோன் குளூனிஸ்-ரொஸ். அவருக்குப் பின் மகன், பேரன் என்று அந்தக் குடும்பம் ராஜாக்கள் மாதிரி இருந்தது. 1886இல் விக்டோரியா மகாராணி தீவுகளை அவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். தென்னந்தோட்டம், கொப்பரா. வேலை செய்தவர்கள் மலாய்க்காரர். சம்பளம் குடும்பம் அடித்த காசில். சாமான் வாங்குவது குடும்பத்தின் கடையில். முதலில் ஆட்டுத்தோலில் எழுதிய நோட்டுகள். 1913இல் யானைத்தந்த நிறத்தில் இலக்கம் போட்ட வில்லைகள் வந்தன. உன்னுடையது 1968ஆம் ஆண்டுத் தொகுதி. 1977இல் உலோகக் குத்திகூட அடித்தார்கள். அடுத்த வருடமே அவுஸ்திரேலியா அறுபத்திரண்டரை லட்சம் டொலர் கொடுத்துத் தீவுகளை வாங்கியது, அந்தக் காசுகளின் கதையும் முடிந்தது.

எங்கள் சங்கக்கடையிலும் கூப்பன் புத்தகம் இருந்தது. பதிந்த கடையில் மட்டும்தான் அரிசி. ஆனால் கூப்பனோடு வருகிற சனத்தின் மடியில் வேறு காசும் முடிந்திருக்கும். என்னோடு கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்த் தேங்காய் வாங்குவார்கள். கொக்கோஸ் ஆள் யாரோடு கோபிப்பது? தீவை விட்டுப் போகலாம். போனால் திரும்பி வர விடமாட்டார்கள், வில்லையோ வெளியில் ஒரு சதத்துக்கும் செல்லாது. 1974இல் ஐக்கிய நாடுகள் குழு ஒன்று போய்ப் பார்த்துக் குறை எழுதிய பிறகுதான் இதெல்லாம் வெளியே பெரிதாகப் பேசப்பட்டது. உன் பெரியப்பாவின் கைக்கு வந்தது அப்படித் தப்பி வந்த ஒன்று. தம்பியிடம் சொல், போர்டில் வைத்து அடிக்க வேண்டாம்.

மற்றது லண்டி. இங்கிலாந்தின் தென்மேற்கில் பிரிஸ்டல் கால்வாய் வாயில் கிடக்கிற தீவு. 1925இல் மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன் என்ற பணக்காரர் அதை வாங்கினார். 1929இல் பேர்மிங்ஹாமில் காசு அடிப்பித்தார்: ஒரு பஃபின், அரைப் பஃபின், ஒவ்வொன்றிலும் ஐம்பதாயிரம். பஃபின் அங்கே கூடு கட்டும் கடற்பறவை, பென்குயின் அல்ல என்று அம்மாவிடம் சொல்லு. முழுப் பறவை நின்றால் ஒரு பஃபின், தலை மட்டும் என்றால் அரை. ஆகவே உன்னிடம் இருப்பது அரை. ராஜாவின் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஹார்மன் தன் தலையைப் போட்டார். விடுவார்களா? 1870ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்படி வழக்கு. ஐந்து பவுண் குற்றப்பணம், அதோடு வழக்குச் செலவு. மேல்முறையீட்டிலும் தோற்றார். உன்னுடையதில் 1929 இருப்பது நல்லது. 1965இல் சேகரிப்பாளருக்கென்று அடித்தவையும் உண்டு, அவற்றில் 1965 என்றே இருக்கும். விளிம்பில் ஓடுவது தீவைப் புகழ்ந்து ஒரு வாசகம்.

எனக்கு ஹார்மன் மேல் பெரிய கோபம் இல்லை. பணக்கார விளையாட்டு, விளையாடினார், குற்றப்பணம் கட்டினார். குளூனிஸ்-ரொஸ் வில்லையை அதோடு ஒரே தட்டில் வைக்க மனம் வராது.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது கனடாவின் மக்டலன் தீவுகளின் பென்னி, 1815. தீவுகளின் சொந்தக்காரர் ஐசக் கொஃபின், கடற்படை அட்மிரல். ஒரு பக்கம் கடல்நாய், மறுபக்கம் வயிறு பிளந்து விரித்துக் காயவைத்த கொட் மீன். ஒரு முறை கொழும்பில் தெரிந்தவர் ஒருவர் கையில் தந்து பார்த்தேன். திருக்கடலூரில் கருவாடு போடுகிற பெண்களிடம் காட்டினால் கத்தி எங்கே இறங்கியது என்று சொல்லிவிடுவார்கள்.

417க்குக் கடை இல்லை, வாசல்தான் உண்டு. வேலைத்தலங்களில் ஆளுக்கு ஓர் இலக்கத் தகடு கொடுப்பார்கள். வரும்போது வாசலில் எடுப்பது, போகும்போது பலகையில் மாட்டுவது. மேல்பக்கம் தேய்ந்திருப்பது ஆணியில் தொங்கியதால். இங்கே 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் டொக்யார்ட் இருந்தது, ஊரில் பாதிச் சனம் அங்கேதான் வேலை. உங்கள் அப்பப்பா என்ன வேலை செய்தார் என்று விசாரி. எழுத்து இல்லாததால் சத்தியம் பண்ண முடியாது.


பெரியகடைப் பழங்காசு:

ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை. மக்டலனும் லண்டியும் எதற்கு? நாங்களே தீவில்தானே இருக்கிறோம்!

டச்சுக் கொம்பனி 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையில் ஸ்ருய்வர் என்ற செம்புக் காசு அடித்தது. கொம்பனியின் முத்திரைக்கு மேலே ஊருக்கு ஓர் எழுத்து இருக்கும். கொழும்புக்கு ‘சி’. திருகோணமலைக்கு ‘ரி’. கொழும்புக் காசு தாராளமாகக் கிடைக்கும், எங்கள் ஊர் எழுத்துப் போட்டது கிடைப்பது கஷ்டம். வடிவாகவும் இருக்காது, தடித்த செம்புத் துண்டு, எழுத்து பாதி வெளியே போயிருக்கும். அந்த முரட்டுத்தனத்துக்காகவே எனக்கு விருப்பம்.

டோக்கன்தான் வேண்டுமென்றால் கோப்பி டோக்கன் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் கோப்பி துப்புரவாக்கிய ஆலைகள் வேலையாட்களுக்குக் கொடுத்த பித்தளை, செம்பு வில்லைகள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது, ஆலையும் போனது, வில்லை மிஞ்சியது.

தங்கச்சி, ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 1815 மார்ச் 2க்கு முந்தியது எதுவும் எங்கள் சட்டத்தில் தொல்பொருள். ஸ்ருய்வரை வெளிநாட்டில் இருக்கிற மச்சானுக்குத் தபாலில் போட நினைக்க வேண்டாம், அனுமதிப்பத்திரம் இல்லாமல் அனுப்பினால் குற்றம்.


சங்கக்கடைக்காரன்:

தம்பி, ஸ்ருய்வர் எந்தக் கடையிலும் செல்லும். அது காசு. அதுவும் ‘சின்னத் தீவு’ என்று கேட்ட பிள்ளைக்கு இலங்கையைக் காட்டினால் எப்படி? கோப்பி வில்லையை ஏற்றுக்கொள்கிறேன்.

எம்டன் கதையை விட்டுவிட்டேன். பிள்ளை, அதுவும் உன் சிவப்பு வில்லையின் ஊர்தான். 1914 செப்டெம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்ட ஜேர்மன் கப்பல் எம்டனை நவம்பர் 9ஆம் திகதி அவுஸ்திரேலியக் கப்பல் சிட்னி கொக்கோஸில் மடக்கியது. வட கீலிங் தீவில் கரை தட்டிக் கிடந்தது. அதற்குள் இருந்த மெக்சிக்கோ வெள்ளி டொலர்களை எடுத்து, ஏறத்தாழ ஆயிரத்தைச் சிட்னி நகரத்து நகைக்கடை ஒன்றில் கொடுத்து, மேலே கிரீடமும் கப்பல்களின் பெயரும் திகதியும் வைத்துப் பதக்கமாக்கினார்கள். கப்பலில் சண்டை போட்டவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம் விற்பனைக்கும் போனது. அதாவது எல்லாக் கடையிலும் செல்லும் காசு ஒன்று, ஒரு கடையிலும் செல்லாத பதக்கமாக மாறியது. இந்த வகையில் இதைவிட நல்ல சாமான் குறைவு.

அதனால்தான் படத்தைப் பார்த்து வாங்காதே என்கிறேன். வெறும் மெக்சிக்கோ டொலருக்கே போலி ஏராளம். காசு தனியாக 27 கிராம், குறுக்களவு 39 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். மேலே பொருத்தியதன் எடை வேறு. எடையும் சொல்லாமல், பொருத்திய இடத்தைக் கிட்டவாகப் படம் எடுத்தும் காட்டாமல் ‘அபூர்வம், அபூர்வம்’ என்று எழுதுகிறவனிடம் வாங்காமல் விட்டால் நட்டமில்லை.

தீவின் பெயர் இருக்கிறது என்பதற்காக எல்லாப் பதக்கத்தையும் எடுக்கவும் வேண்டாம். சென்ற் ஹெலனா பதக்கம் என்று ஒன்று உண்டு. 1857இல் மூன்றாம் நெப்போலியன், தன் பெரியப்பனின் படையில் இருந்து உயிரோடு மிஞ்சிய கிழவர்களுக்குக் கொடுத்தது. வெண்கலம், பச்சையும் சிவப்பும் கோடு போட்ட நாடா. குவியல் குவியலாகக் கொடுத்ததால் இன்றைக்கும் அதிகச் செலவில்லாமல் கிடைக்கும். வாங்கிய கிழவர்களில் அநேகர் அந்தத் தீவைக் கண்ணாலும் கண்டதில்லை. அழகுக்கு வைக்கலாம்.


உப்புவெளிச் சந்தி:

கொக்கோஸ் என்று கதைத்துவிட்டு 1942ஐ விட முடியாது. ஏப்ரல் 9 எங்கள் ஊரில் ஜப்பான் குண்டு விழுந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த மாதம், மே 8 இரவு, கொக்கோஸின் ஹோர்ஸ்பர்க் தீவில் பீரங்கிக் காவலுக்கு இருந்த இலங்கைப் படையாட்கள் சிலர் தங்கள் அதிகாரிகளுக்கு எதிராகக் கிளம்பினார்கள். தலைமை கிரேஷன் பெர்னாண்டோ. சரிவரவில்லை. ஓகஸ்ட் மாதம் மூன்று பேரை வெலிக்கடையில் தூக்கிலிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் கலகத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட பொதுநலவாயப் படையாட்கள் அவர்கள் மட்டும்தான்.

தங்கச்சி, கொக்கோஸ் ஒன்றை மட்டும் எடுத்தால்கூட ஒரு அல்பம் நிறையும். 1878 தொடக்கம் 1886 வரை அந்தத் தீவுகளை ஆண்டது இலங்கைக் கவர்னர். பிறகு போர்க்காலத்திலும் கொழும்பிலிருந்துதான் நிர்வாகம். வெளிநாட்டுத் தீவு என்று பெரியகடை அண்ணா குறைப்பட வேண்டியதில்லை.


ஆரையம்பதி நர்ஸ்:

நான் மட்டக்களப்புப் பக்கம். எங்கள் வாவிக்குள் மாந்தீவு இருக்கிறது, தொழுநோய் ஆஸ்பத்திரி இருந்த தீவு. அதனால் நான் தேடிப் போனது ஒரே ஒரு தீவின் காசை: பிலிப்பைன்ஸின் கூலியன்.

1906இல் அங்கே தொழுநோயாளரைக் கொண்டுபோய் வைத்தார்கள். 1913இல் அவர்களுக்கென்று தனிக் காசு. நோயாளி தொட்ட காசு வெளியே வந்தால் நோயும் வரும் என்ற பயம்தான் காரணம். முதலில் அலுமினியத்தில் அடித்தார்கள், கிருமி கொல்லும் மருந்தில் போட்டுக் கழுவ அரித்துப் போனது. பிறகு செம்பு-நிக்கலில் அடித்தார்கள். என்னிடம் இருப்பது அலுமினியம். முகம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் குழி, எழுத்தை விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். விற்றவர் ‘நிலைமை மோசம்’ என்று விலையைக் குறைத்தார். எனக்கு அந்தக் குழிதான் வேண்டியிருந்தது.

சங்கக்கடை ஐயாவின் கேள்விக்கு இது எப்படிப் பொருந்தும்? தீவுக்குள் எல்லாக் கடையிலும் செல்லும், வெளியில் தொடவே மாட்டார்கள்.


சங்கக்கடைக்காரன்:

பொருந்தவில்லை, தங்கச்சி. என் கேள்வியை நீட்ட வேண்டும்: யார் தொடலாம் என்றும் கேட்க வேண்டும்.


மட்டிக்களி மகள்:

எல்லோருக்கும் நன்றி. எம்டன் பதக்கக்காரருக்கு எடை கேட்டு எழுதினேன், பதில் இல்லை, விட்டுவிட்டேன். கொக்கோஸை மட்டும் எடுக்கலாம் என்றே இருக்கிறேன். இனி வைத்திருக்கிற வழியை யாராவது சொல்லுங்கோ. புத்தகக் கடையில் போட்டோ அல்பம் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் உறை விற்கிறார்கள், அது போதுமா?


பெரியகடைப் பழங்காசு:

மணந்து பாருங்கோ. புது ரெயின்கோட் மணம் அடித்தால் அது பீ.வி.சி., வேண்டாம். எங்கள் வெக்கைக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து காசின் மேல் பச்சைப் பசை பிடிக்கும். மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக்கில் சாளரம் வைத்த சதுர அட்டை கொழும்பில் கிடைக்கும், அதை எடுங்கோ. அட்டையை மூட ஸ்டேப்பிள் அடிக்கிறார்கள். கடற்கரை வீட்டில் ஸ்டேப்பிள் துருப்பிடித்துக் காசிலும் ஏறும். ஒட்டுகிற வகை அட்டையே நல்லது. பேணி வேண்டாம். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, வாடைக்காற்றுத் தொடங்க முதல் பொட்டலத்தை மாற்றுங்கோ.

பித்தளைத் தகட்டில் உப்பு இருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப் போட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுத்துக் காயவிடுங்கோ. பெற்றோல் ஷெட்டில் கார் பற்றரிக்கு விற்கிற தண்ணீர் சரிவரும். அசிட் போத்தலைத் தூக்கிவிடாதேங்கோ, பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். வெண்கலத்தில் இளம்பச்சைத் தூள் பூத்து, தட்டினால் உதிர்ந்தால் அதை மற்றவற்றோடு வைக்கக்கூடாது. அசிற்றோன் என்ற கரைப்பான் உலோகத்தில் பசை எடுக்க நல்லது. சிவப்பு வில்லைக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது, கரைந்துவிடும். அதை வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ‘தீவுக் காசு’ என்று தேடினால் ஆளே இல்லாத பாறைகளின் பெயரில் பளபளவென்று வரும், மீனும் ஆமையும் பாய்க்கப்பலும் போட்டு, போன வருடத் திகதியோடு. யாரோ தனியாள் சேகரிப்பாளருக்கென்றே அடித்து விற்பது. ஐயாவின் கேள்வியைக் கேட்டால் போதும்: அங்கே கடையே இல்லை. படம் பிடித்திருந்தால் வாங்குங்கோ, ஆனால் கொக்கோஸ் விலை கொடுக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் காசு கட்ட முதல் இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் படம் எடுத்து இங்கே போடுங்கோ.